மூட்டை கட்டிய இறைவாக்கினர்

இறைவாக்கினர் என்றதும் நம் மனக்கண்முன் வந்து நிற்பவர் யார்? நீண்ட தாடியும், உயர்த்திய கையும், இடிபோன்ற குரலும் உடைய ஒருவர்தாம். ஞானோபதேச வகுப்பில் நாம் பார்த்த படங்களும் அவ்வாறே காட்டுகின்றன. ஆனால் எசேக்கியேல் என்னும் பெரியாரின் வாழ்க்கையைப் படிக்கப் புகுந்தால் வேறொரு காட்சியைக் காண்கிறோம். அவர் பச்சைச் செங்கல்லின்மீது படம் வரைகிறார். வரட்டித் தீயில் அப்பம் சுடுகிறார். தலையை மழித்து, அந்த மயிரைத் தராசில் இட்டு நிறுக்கிறார். தம் வீட்டுச் சுவரில் தாமே கன்னமிட்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் வெளியேறுகிறார். அக்கம்பக்கத்தார் கூடி நின்று வேடிக்கை பார்க்கின்றனர். இவருக்கு என்ன வந்துவிட்டது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர்.

இச்செயல்களின் பொருளை உணர வேண்டுமானால், அவர் எங்கே, யார் நடுவில் இருந்துகொண்டு இவற்றைச் செய்தார் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். வரப்போகும் நாடுகடத்தலைப் பற்றி எச்சரித்தவர் என்பதால் அவர் எருசலேமின் தெருக்களில் நின்றார் என்று நம்மில் பலர் எண்ணிவிடுகிறோம். அவரோ அப்போது பாபிலோன் நாட்டில் இருந்தார். அவரைச் சூழ்ந்து நின்றவர்கள் ஏற்கெனவே நாடுகடத்தப்பட்டவர்கள். நாடிழந்து வந்தவர்களிடம் நாடிழப்பைப் பற்றி எச்சரிப்பானேன்? இக்கேள்விக்கு விடை தேடினால் எசேக்கியேலின் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

எசேக்கியேல் குருகுலத்தைச் சேர்ந்தவர். தந்தையின் பெயர் பூசி. நற்செயல்களால் புகழ்பெற்ற யோசியா அரசர் எருசலேமில் ஆண்ட காலத்தில், கி.மு. 623-ஐ ஒட்டி அவர் பிறந்திருக்க வேண்டும் என்பது அறிஞர் பலரின் கணிப்பு. குருவின் மகன் குருவாகவே வளர்ந்தார். பலிபீடம், தூபம், எண்ணெய், தூய்மைச் சட்டங்கள் ஆகியவையே அவருக்குப் பள்ளிப் பாடம். எதை உண்ணலாம், எதைத் தொடலாம் என்பதில் சிறு பிள்ளைப் பருவத்திலிருந்தே கண்டிப்பாகப் பழக்கப்பட்டவர். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

யோசியா கி.மு. 609-இல் போரில் மாண்டார். பிறகு நாடு தாழ்ந்துகொண்டே வந்தது. கி.மு. 597 மார்ச்சு மாதம் பாபிலோனிய மன்னன் நெபுகத்னேசர் எருசலேமைக் கைப்பற்றினான். இந்நிகழ்ச்சி மறைநூலில் மட்டுமன்றிப் பாபிலோனியரின் சொந்த வரலாற்றுக் களிமண் பலகை ஒன்றிலும் நாள் குறித்து எழுதப்பட்டுள்ளது. இளம் அரசன் யோயாக்கின், அவனுடைய தாய், அதிகாரிகள், படைவீரர், தச்சர், கொல்லர் என்று ஏறத்தாழ 10,000 பேரை நடத்திக்கொண்டு போனதாக அரசர்கள் இரண்டாம் நூல் கூறுகிறது. அந்த வரிசையில் இளைஞர் எசேக்கியேலும் நடந்தார். பாபிலோனுக்கும் எருசலேமுக்கும் இடையே எஸ்ரா என்பார் பிற்காலத்தில் பயணம் செய்தபோது நான்கு மாதங்கள் பிடித்தன என்று படிக்கிறோம். சங்கிலியுடன் நடப்பவர்க்கு அது எத்தகைய வழியாக இருந்திருக்கும்!

அவர்கள் குடியமர்த்தப்பட்ட இடங்களுள் ஒன்று கெபார் ஆற்றங்கரையில் இருந்த தெல் ஆபீபு. கெபார் என்பது உண்மையில் ஆறன்று. நிப்பூர் நகரை அடுத்து வெட்டப்பட்ட பெரிய கால்வாய். கொள்ளிடத்திலிருந்தும் மருதையாற்றிலிருந்தும் பிரியும் வாய்க்கால்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த நாட்டைக் கற்பனை செய்வது கடினமன்று. தட்டையான வண்டல் நிலம்; பேரீச்சை மரங்கள்; கல் கிடைக்காத ஊர், ஆகவே வீடெல்லாம் பச்சைச் செங்கல்லாலும் மண்ணாலும் எழுப்பியவை. மலைமேல் கல்லால் கட்டிய எருசலேமில் வாழ்ந்தவர்களுக்கு அந்த மண்சுவர்களே ஓர் இழிவாகத் தோன்றியிருக்கும்.

முப்பது வயதில் குருகுலத்தார் திருப்பணியில் நுழைவது வழக்கம். எசேக்கியேல் தம் நூலின் தொடக்கத்தில் குறிப்பிடும் முப்பதாம் ஆண்டு அவருடைய வயதே என்று கொள்வோர் பலர். அப்படியானால், ஆலயத்தில் முதன்முறையாகப் பணிபுரிந்திருக்க வேண்டிய அந்த ஆண்டில், ஆலயம் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருக்க, வாய்க்கால் கரையில் கைதியாக நின்றார். அங்கே, கி.மு. 593-இல், வடக்கிலிருந்து வந்த புயற்காற்றில், உயிர்கள் தாங்கிய, சக்கரங்கள் பூண்ட ஓர் அரியணையைக் காட்சியில் கண்டார். கடவுள் எருசலேமில் மட்டும் குடியிருப்பவர் அல்லர், சக்கரங்களின்மேல் வருபவர், கைதிகளின் ஊருக்கும் வருபவர் என்பதே அக்காட்சி அவருக்கு உணர்த்தியது. ஆலயத்தை விட்டு விரட்டப்பட்டவர்களுக்குத் தாமே சிறிதுகாலம் திருத்தலமாக இருப்பதாகவும் ஆண்டவர் பின்னர் அவருக்கு அறிவித்தார். அடைக்கல அன்னையின் ஏலாக்குறிச்சிக்குச் சென்று வரும் நம் மாவட்டத்து மக்களுக்கு அடைக்கலம் என்ற சொல்லின் இனிமை தெரியும்.

இனி, அந்தக் கைதிகளின் மனநிலைக்கு வருவோம். அவர்களுக்கு எல்லாம் போய்விடவில்லை. எருசலேம் நின்றுகொண்டிருந்தது. ஆலயம் நின்றுகொண்டிருந்தது. யோயாக்கினின் சிற்றப்பன் செதேக்கியா அரசனாக வீற்றிருந்தான். ஆண்டவரின் இல்லம் இருக்கும்வரை அந்நகர் விழாது என்பது அவர்களின் உறுதியான நம்பிக்கை. ஆகவே தாங்கள் விரைவில் ஊர் திரும்பலாம் என்று காத்திருந்தனர். கி.மு. 594-ஐ ஒட்டி எருசலேமில் அனனியா என்ற போலி இறைவாக்கினர், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆலயத்திலேயே முழங்கினார். அடிமைத்தனத்தின் அடையாளமாக எரேமியா கழுத்தில் பூண்டிருந்த மர நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் போட்டார். எரேமியாவோ கைதிகளுக்குக் கடிதம் எழுதி, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், எழுபது ஆண்டுகள் ஆகும் என்று அறிவுறுத்தினார். எந்தச் செய்தி காதுக்கு இனித்திருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ?

தலைநகரம் விழும் என்பதை மக்கள் நம்புவதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் அரியலூர்ச் சீமையில் முதலாம் இராசேந்திர சோழன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 250 ஆண்டுகள் பேரரசின் தலைநகராக விளங்கிற்று. அன்று அங்கு வாழ்ந்த ஒருவரிடம், இந்த அரண்மனை மண்மேடாகும், இதன் செங்கல்லை மண்வெட்டியால் தோண்டித் தேடுவார்கள் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இன்று மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளங்கள்தாம் அரண்மனை. கைதிகளின் நம்பிக்கையும் அப்படிப்பட்டதே. அந்த நம்பிக்கையைத்தான் எசேக்கியேல் உடைக்க வேண்டியிருந்தது. நகரம் விழப்போகிறது, இன்னும் ஒரு கூட்டம் மூட்டையுடன் இதே வழியில் வரப்போகிறது, நீங்கள் காத்திருக்கும் அந்த ஊர் இனி இராது என்று சொல்ல வேண்டியவர் அவர். பொய்யான நம்பிக்கை கையில் இருக்கும்வரை மெய்யான நம்பிக்கைக்கு இடமில்லை. ஆனால் இதைச் சொற்களால் சொன்னால் கேட்பார்களா? மேலும், கடவுள் சொல்லச் சொன்னதைத் தவிர வேறெதுவும் பேசாதபடி அவர் நா கட்டப்பட்டிருந்தது. ஆகவே கையால் பேசினார்.

முதலில் ஈரச் செங்கல் ஒன்றை எடுத்து அதில் எருசலேம் நகரை வரைந்தார். அந்நாட்டில் களிமண்தான் காகிதம். நிலவரைபடங்களும் அதில்தான் எழுதப்பட்டன. வரைந்த நகரைச் சுற்றி மண்மேடு, பாசறை, மதிலிடிக்கும் பொறி யாவும் அமைத்தார். பிறகு அப்பம் சுடும் இரும்புத் தட்டை, நம் வீட்டுத் தோசைக்கல் போன்றதொன்றை, தமக்கும் நகருக்கும் நடுவே சுவர்போல நிறுத்தினார். குழந்தைகள் விளையாட்டைப் போன்ற இக்காட்சியில் அந்தத் தட்டுதான் அச்சம் தருவது. முற்றுகையிடுபவன் பாபிலோனியன், ஆனால் இறைவனின் முகத்துக்கும் நகருக்கும் நடுவே மறைப்பு விழுந்துவிட்டது. இதற்குமேல் மன்றாடிப் பயனில்லை என்பது அதன் பொருள்.

அடுத்து 390 நாள்கள் இடப்பக்கமும், 40 நாள்கள் வலப்பக்கமும் ஒருக்களித்துப் படுத்தார். ஒரு நாள் ஓர் ஆண்டுக்குச் சமம். இஸ்ரயேலும் யூதாவும் செய்த குற்றத்தின் சுமை அது. நாள் முழுவதும் அப்படியே கிடந்தாரா, மக்கள் பார்க்கும் வேளையில் மட்டும் படுத்தாரா என்று உரையாசிரியர்கள் வாதாடுவர். அந்த வாதத்தை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

அந்நாள்களில் அவர் உண்ட உணவுதான் நம் வீட்டுத் தாய்மார்களுக்கு உடனே விளங்கக்கூடியது. கோதுமை, வாற்கோதுமை, பெரும்பயறு, சிறுபயறு, தினை, சாமை ஆகியவற்றை ஒரே பாத்திரத்தில் கொட்டி அரைத்த மாவு. இதைச் சத்துணவு என்று எண்ணிச் சிலர் இக்காலத்தில் வெளிநாட்டுக் கடைகளில் அவர் பெயராலேயே ரொட்டி விற்கிறார்கள்! உண்மையில் அது பஞ்சத்தின் மாவு. எந்தப் பானையிலும் ஒரு வேளைக்குப் போதுமான தானியம் இல்லாதபோது, எல்லாப் பானைகளின் அடியையும் வழித்து ஒன்றாகச் சேர்ப்பதுதான் அது. அதிலும் ஒரு நாளைக்கு இருபது செக்கேல் எடை, அதாவது 230 கிராம் அளவே. தண்ணீர் அரைப் படிக்கும் குறைவு. முற்றுகையிடப்பட்ட நகரில் உணவு நிறுத்துத்தான் கிடைக்கும் என்பதை அவருடைய தராசு காட்டிற்று.

அந்த அப்பத்தை மனிதக் கழிவை எரித்துச் சுட வேண்டும் என்று கட்டளை வந்தபோதுதான் எசேக்கியேல் முதன்முறையாக மறுத்துப் பேசினார். இளமை முதல் தீட்டான எதையும் தாம் உண்டதில்லை என்று முறையிட்டார். நாம் முன்பு நினைவில் வைத்த செய்தி இங்கேதான் உதவுகிறது. படுக்கவும் பட்டினி கிடக்கவும் தயங்காத அந்தக் குருமகனால் இதைத் தாங்க முடியவில்லை. கடவுளும் இறங்கி வந்து, மாட்டு வரட்டியைப் பயன்படுத்திக்கொள்ள இசைந்தார். வரட்டி அடுப்பு நமக்குப் புதிதன்று. பெரம்பலூர்ச் சிற்றூர்களின் மண்சுவர்களில் தட்டி உலர்த்திய வரட்டிகளைப் பார்த்தவர்கள் இதில் இழிவு காணமாட்டார்கள். ஆனால் விறகும் கிடைக்காத நகரத்தில், வேற்று நாட்டில், தீட்டு, தூய்மை என்ற வேறுபாட்டையே காக்க முடியாத நிலை வரும் என்பதே அதன் கசப்பான பொருள்.

பிறகு கூரிய வாளால் தலையையும் தாடியையும் மழித்தார். குருகுலத்தார்க்கு அது விலக்கப்பட்ட செயல். நாம் நேர்ந்துகொண்டு மொட்டை போடுவது காணிக்கை. அவர்களுக்கோ அது துக்கமும் மானக்கேடும். மழித்த மயிரை மூன்று பங்காக்கி, ஒன்றைத் தீயிலிட்டார். ஒன்றை வாளால் வெட்டினார். ஒன்றைக் காற்றில் தூற்றினார். மக்களுள் ஒரு பங்கினர் கொள்ளைநோயாலும் பஞ்சத்தாலும், ஒரு பங்கினர் வாளாலும் மாள்வர், மற்றவர் திசையெல்லாம் சிதறுவர். ஆயினும் ஒரு சில மயிர்களை எடுத்துத் தம் ஆடையின் ஓரத்தில் முடிந்துகொண்டார். அந்தச் சிறு முடிச்சை அன்று எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ! அழிவைப் பற்றிய அந்த முழுக் காட்சியிலும் நம்பிக்கையின் ஒரே அடையாளம் அதுதான். அதையும் முழுவதுமாக விட்டுவைக்கவில்லை. அதிலிருந்தும் சிலவற்றைத் தீயில் போடச் சொன்னார் கடவுள்.

மூட்டையின் நிகழ்ச்சி இவற்றுக்குப் பின் வருவது. பகலில், எல்லாரும் பார்க்கும்படி, நாடுகடத்தப்படுபவன் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களை மட்டும் கட்டி வெளியே வைத்தார். என்னென்ன இருந்திருக்கும்? ஒரு தோல்பை, ஒரு பாய், ஒரு கிண்ணம் இருந்தால் அதிகம். அங்கே கூடியிருந்த ஒவ்வொருவரும் நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு மூட்டையைக் கட்டியவர்கள்தாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று தாமே திகைத்தவர்கள். ஆறாத புண்ணை அது கிளறியிருக்கும். 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர்களுக்கு நம் பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்திலும் முகாம் அமைந்தது. அத்தகைய குடும்பங்களில், வரும்போது கையில் என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் முதலில் சொல்வது கொண்டுவந்ததை அன்று, விட்டுவந்ததைத்தான்.

மாலையில் எசேக்கியேல் வாசல் வழியாகப் போகவில்லை. வீட்டு மண்சுவரைக் கையாலேயே குடைந்தார். திருடன் கன்னம் வைப்பது வெளியிலிருந்து உள்ளே. இவரோ உள்ளிருந்து வெளியே. அந்தத் துளை வழியாக மூட்டையுடன் நுழைந்து, தரையைப் பார்க்காதபடி முகத்தை மூடிக்கொண்டு, இருட்டில் நடந்தார். மறுநாள் காலையில் விளக்கம் வந்தது. எருசலேமின் தலைவனே இப்படிப் போவான், மதில் வழியாக இரவில் தப்பியோடுவான், வலையில் சிக்குவான், பாபிலோனுக்குக் கொண்டுவரப்படுவான், ஆனால் அதைப் பாராமலே அங்கு சாவான் என்பதுதான் அது.

இதைக் கேட்டவர்கள் மனம் மாறினார்களா? இல்லை. நாள்தான் நீண்டுகொண்டே போகிறது, காட்சி ஒன்றும் பலிக்கவில்லை என்று ஏளனமாகப் பேசினார்கள். சற்று மரியாதையுள்ளவர்கள், இவர் சொல்வது நெடுங்காலத்துக்குப் பிறகு நடக்கப்போவது, நமக்கென்ன என்றார்கள். இந்த இரண்டாம் வகையினரே ஆபத்தானவர்கள் என்பது நம் எண்ணம், மறுத்துவிடுகிறவனிடமாவது வாதாடலாம். எல்லாம் நலமே என்று ஆறுதல் கூறித் திரிந்த போலி இறைவாக்கினர்களை, இற்றுப்போன சுவருக்குச் சுண்ணாம்பு பூசுபவர்கள் என்று எசேக்கியேல் கண்டித்தார். மழைக்காலத்து மண்வீட்டை அறிந்தவர்க்கு இந்த உவமைக்கு உரை வேண்டாம்.

இவ்வளவும் அவர் தம் உடலை வருத்திக் காட்டிய அடையாளங்கள். கடைசி அடையாளம் வேறு வகையானது. கி.மு. 588 சனவரியில் நெபுகத்னேசரின் படை எருசலேமை வளைத்தது. அந்தக் காலத்தில், எசேக்கியேலின் கண்ணுக்கு இன்பமாயிருந்த மனைவி திடீரென்று எடுத்துக்கொள்ளப்படுவார் என்றும், அவர் அழவோ, தலைப்பாகையைக் கழற்றவோ, அயலார் கொண்டுவரும் இழவு உணவை உண்ணவோ கூடாது என்றும் கட்டளை வந்தது. காலையில் மக்களிடம் பேசினார். மாலையில் அந்த அம்மையார் இறந்தார். மறுநாள் காலையில் அவர் கட்டளைப்படியே செய்தார். நம் ஊர்களிலும் இழவு வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை, அக்கம்பக்கத்தார் சோறு கொண்டுவருவார்கள். அந்தச் சோற்றை ஒருவர் மறுத்து, காலணியும் அணிந்துகொண்டு வெளியே வந்தால் ஊர் என்ன சொல்லும்? மக்கள் கலங்கிப்போய்ப் பொருள் கேட்டனர். உங்கள் கண்ணுக்கு இன்பமான ஆலயம் இப்படித்தான் போகும், துக்கம் கொண்டாடவும் உங்களுக்கு வழியிராது என்பதே மறுமொழி.

அந்த அம்மையாரின் பெயரை நூல் கூறவில்லை. அவருடைய சாவை ஓர் அடையாளம் என்று மட்டும் சொல்லி எளிதாகக் கடந்துபோக நாம் விரும்பவில்லை. உள்ளுக்குள் பெருமூச்செறிய அவருக்கு அனுமதி இருந்தது என்று நூல் குறிப்பிடுகிறது. அந்த ஒரு சிறு குறிப்பே, எச்சரித்தவர் கல்நெஞ்சர் அல்லர் என்பதற்குப் போதுமான சான்று.

நடந்தவை சொன்னபடியே நடந்தன. யூதா நாட்டு இலாக்கீசு கோட்டையில் 1935-இல் கண்டெடுத்த ஓட்டுச் சில்லுகளில், முற்றுகை நெருங்கிய அந்நாள்களின் கடிதங்கள் மையால் எழுதப்பட்டுள்ளன. இலாக்கீசின் தீ அடையாளத்தை நோக்கிக் காத்திருக்கிறோம், அசேக்காவின் அடையாளம் தெரியவில்லை என்று ஒருவர் தம் மேலதிகாரிக்கு எழுதுகிறார். கி.மு. 587-இல் (586 என்பாரும் உளர்) மதில் உடைந்தது. செதேக்கியா இரவில் அரச தோட்டத்தை ஒட்டிய வழியாகத் தப்பினான். எரிகோ சமவெளியில் பிடிபட்டான். இரிப்லாவில் நெபுகத்னேசரின் முன் நிறுத்தப்பட்டான். அவன் கண்முன் அவன் மக்களைக் கொன்று, பின் அவன் கண்களைப் பிடுங்கி, விலங்கிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோயினர். பாபிலோன் மன்னனை நேருக்கு நேர் காண்பாய் என்று எரேமியா கூறியிருந்தார். பாபிலோனைக் காணமாட்டான் என்று எசேக்கியேல் கூறியிருந்தார். இருவரும் முரண்படுகிறார்கள் என்று எண்ணியே செதேக்கியா இருவரையும் நம்பாமல் விட்டான் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். இரண்டும் மெய்யாயின.

கி.மு. 585 சனவரியில், தப்பி வந்த ஒருவன் தெல் ஆபீபை அடைந்து, நகர் விழுந்தது என்று அறிவித்தான். அவன் வருமுன் இரவில் எசேக்கியேலின் நா கட்டவிழ்ந்தது. அன்று முதல் அவர் பேச்சு மாறிற்று. எச்சரிக்க இனி ஒன்றுமில்லை. தேற்ற வேண்டியவர்களோ ஊர் முழுவதும். கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையாலான இதயத்தைத் தருவதாகக் கடவுள் வாக்களித்ததை அறிவித்தார். உலர்ந்த எலும்புகள் நிறைந்த பள்ளத்தாக்கு உயிர்பெற்று எழுவதைக் கண்டார். கி.மு. 573-இல் புதிய ஆலயத்தை முழம் முழமாக அளந்து காட்டிய காட்சியைப் பெற்றார். அவருடைய கடைசித் தேதியிட்ட வாக்கு கி.மு. 571-ஐச் சேர்ந்தது. மக்கள் இப்போது அவரைப் பற்றித் திண்ணையிலும் வாசற்படியிலும் பேசிக்கொண்டனர். இனிய குரலில் பாடும் பாடகரைக் கேட்பதுபோல் வந்து கேட்டனர். கேட்டபடி நடந்தவர் குறைவே என்று அவர் வருந்தியதும் நூலில் உண்டு.

ஆயினும் ஆடை ஓரத்தில் முடிந்த மயிர் வீணாகவில்லை. பாபிலோன் அரண்மனையின் களிமண் பலகைகளில், யூதாவின் அரசன் யோயாக்கினுக்கும் அவன் ஐந்து மக்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. 2014-இல் அச்சாகி வெளிவந்த வேறு சில பலகைகள், கைதிகளின் ஊர் ஒன்றுக்கு யூதாவின் நகர் என்றே பெயர் இருந்ததைக் காட்டுகின்றன. அவர்கள் நிலம் உழுதனர், பேரீச்சை வளர்த்தனர், வரி செலுத்தினர், பிள்ளைகளுக்கு ஆண்டவரின் பெயர் கலந்த பெயர்களைச் சூட்டினர். அப்பலகைகளுள் மிகப் பழையது கி.மு. 572-ஐச் சேர்ந்தது. அப்போது எசேக்கியேலின் குரல் இன்னும் ஓயவில்லை.

ஈராக்கு நாட்டில் இல்லா நகருக்குத் தெற்கே அல்-கிப்லு என்னும் சிற்றூரில் உள்ள பழைய கல்லறை அவருடையது என்று நெடுங்காலமாகப் போற்றப்படுகிறது. யூதரும் இசுலாமியரும் அங்கே திருப்பயணம் சென்றனர். 1950-51 ஆண்டுகளில் ஈராக்கின் யூதர்களுள் மிகப் பெரும்பாலோர், 2,500 ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்த அந்த மண்ணை விட்டு, சிறிதளவு பணமும் தூக்கிச் செல்லக்கூடிய பெட்டியும் மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினர். கல்லறையை இப்போது அவ்வூர் இசுலாமியர் பேணி வருகின்றனர். உள்ளே சுவரில் எழுதிய எபிரேய எழுத்துக்களை இன்றும் காணலாம்.